ரோட்டுக்கு அந்தப் பக்கம்

"நேரமாச்சு, ஆரம்பிச்சுடலாமா?" என்று நான் கேட்டபோது மணி 8.58. எங்கள் திறமூல நூலக மென்பொருள் திட்டத்தின் புதன்கிழமை வீடியோ கால் ஒன்பது மணிக்குத்தான். மிச்சமிருந்த அந்த இரண்டு நிமிடத்தை ஏன் அவசரமாக மூடினேன் என்று எட்டு மாதமாக எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது. மறுநாள் அதையே நம்ப முடிவதில்லை.

அன்று முன்னதாகவே வந்துவிட்டவர்கள் நான்கு பேர். நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர், நான், திட்டத்தில் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த அந்தப் பெண், மைக்கை அணைத்துவிட்டு ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர். அண்ணன் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

"விழுப்புரம் பக்கம்ண்ணா."

"அட, நம்ம பக்கம்! விழுப்புரத்துல எங்க?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"தெரியுமே! எங்க சித்தப்பா பொண்ண அங்கதான் குடுத்திருக்கு. மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா உங்க வீடு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பச்சைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட மைக்கில் கேட்டது.

"அந்தப் பக்கம்ண்ணா."

"ஓ. சரி, சரி."

அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருந்த 'அட', 'நம்ம பக்கம்' எதுவும் அந்த 'சரி, சரி'க்குப் பிறகு வரவில்லை. அப்போதுதான் நான் ஆரம்பிச்சுடலாமா என்று கேட்டேன்.

அவரைக் காப்பாற்றத்தான் பேச்சை மாற்றினேன் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன். அடுத்த கேள்வி வராமல் தடுத்தாயிற்று, நல்லதுதானே? மறுநாள் மாலை, விதிமீறல் புகார்களை விசாரிக்கும் எங்கள் நடத்தைக் குழுவுக்கு அந்தப் பெண்ணின் புகார் வந்தது. ஆறே வரி. யாரையும் திட்டவில்லை, எந்த நடவடிக்கையும் கேட்கவில்லை. கடைசி வரியில், அந்தக் காலில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம் என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்றில் ஒருவர் அவர், ஒருவர் அண்ணன், இன்னொருவன் நான்.

அந்தக் குழுவிலும் நான் இருந்தேன்.

இதில் எனக்கு வலிக்கும் இடம் ஒன்று உண்டு. எங்கள் நடத்தை விதிகள், திறமூலத் திட்டங்களுக்கான பொது நடத்தை விதியான கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டை ஒட்டியவை. 2014-இல் கோரலைன் ஏடா எம்கி எழுதிய அந்த ஆவணத்தை உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் வெகுநாள் 1.4 பதிப்பிலேயே இருந்தோம். வயது, பாலினம், கல்வி, பொருளாதார நிலை, இனம், மதம் என்று நீளும் அதன் பட்டியலில் சாதி கிடையாது. 2021-இல் வந்த 2.1 பதிப்பில்தான் இனத்துக்கும் மதத்துக்கும் நடுவே சாதி, நிறம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தன. நாமும் அதற்கு மாற வேண்டும் என்று கேட்டவன் நான். "இந்தச் சொல் நம் திட்டத்துக்குத் தேவையா, இங்கே யாருக்கு இது நடக்கப்போகிறது?" என்று ஒருவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாற்றம் மெர்ஜ் ஆகி, திட்டத்தோடு சேர்ந்த அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு "அண்ணே, அது எதுக்குண்ணே?" என்ற மூன்று சொல் வாயில் வரவில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி என்னவென்றே எனக்குத் தெரியாத காலத்தில், இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் இரண்டு பேரின் மாற்றங்கள் மோதிக்கொள்ளும் ஒரு மெர்ஜ் கான்ஃபிளிக்டை வரி வரியாக அவிழ்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். எந்தக் கல்லூரியில் கூப்பிட்டாலும் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்துவார். கெட்டவர் என்று அவரை என்னால் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன். ஊர் கேட்பது நம் பழக்கம்தானே என்ற எண்ணமும் எனக்கு வரும். என் அம்மா ரயிலில் எதிரே உட்காருகிற எல்லோரிடமும் ஊர் கேட்பார். வெளிநாட்டில் வேலை பார்த்த இரண்டு வருடமும் யாராவது ஊர் கேட்டால் எனக்கே வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அப்படி இருந்ததற்குக் காரணம், எந்தப் பக்கம் என்று கேட்டாலும் பதில் சொல்ல நான் தயங்க வேண்டியதில்லை என்பதுதான். இதை அந்தப் புகாரைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

நடத்தை விதிகள் என்றதும் நாங்கள் எல்லோரும் மனதில் வைத்திருந்தது வசைச் சொற்களைத்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்களின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2015-இல் அவர்கள் எழுதிக்கொண்ட விதிக்குப் பெயரே கிட்டத்தட்ட 'மோதல் நெறி'. 2018 செப்டம்பரில், தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சகாலம் ஒதுங்கியிருந்தபோது, அந்த 'மோதல் நெறி'யை எடுத்துவிட்டு கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டைக் கொண்டுவந்தார்கள். திட்டினால் அது எழுத்தில் இருக்கும், எடுத்துக் காட்டலாம். எங்கள் காலில் யாரும் குரலை உயர்த்தவில்லை. கேள்வி கேட்டவர் சிரித்த முகத்தோடு, உறவு கொண்டாடிக்கொண்டுதான் கேட்டார். பிரேசிலிலும் போலந்திலும் இருக்கிற என் குழு நண்பர்கள் இருவருக்கும் இதை எப்படிக் காட்டுவது?

முறைப்படி நான் விலகியிருக்க வேண்டும். சம்பவ இடத்தில் இருந்தவன், அண்ணனுக்கு வேண்டியவன். விலகுகிறேன் என்றுதான் சொன்னேன். முடிவில் வாக்களிக்க வேண்டாம், மொழிபெயர்த்து விளக்கம் மட்டும் எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதினேன். சாலைக்கு எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார், அவ்வளவுதான் நேர் மொழிபெயர்ப்பு. அதன் கீழே, எங்கள் ஊர்களில் தலித் மக்களின் குடியிருப்பு ஊரை விட்டுத் தள்ளி, பல இடங்களில் சாலைக்கு மறுபுறம், காலனி என்ற பெயரில் தனியாக இருக்கும் என்று விளக்கினேன். அடுத்த வரி, 'இது ஒருவரின் சாதியை அறியக் கேட்கப்படும் கேள்வி.'

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'கேட்கப்படக்கூடும்' என்று மாற்றினேன். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்துதான் சேர்த்தேன்.

அண்ணன் மனதுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது நியாயமா? அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு வாதம் இருக்கிறது, இன்றுவரை என்னால் அதை முழுக்கத் தள்ள முடியவில்லை. ஆனால் 'சரி, சரி' என்று அவர் சொன்ன குரலை அந்த விளக்கத்தில் நான் எழுதவேயில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். காதால் கேட்டதுதான்.

எங்கள் விதிகளில் நடவடிக்கை நான்கு படி. திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. குழு முதல் படியைத் தேர்ந்தெடுத்தது. அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம், எது தவறு, ஏன் தவறு என்ற விளக்கத்தோடு. வேண்டுமானால் பொதுவில் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்றும் அந்தப் படியில் இருக்கிறது. வேண்டாம் என்றேன், புகார் கொடுத்தவர் யாரென்று வெளியே தெரிந்துவிடும் என்பதால். அது சரியான காரணம்தான். ஆனால் நான்கே பேர் இருந்த காலில் யார் புகார் கொடுத்திருப்பார் என்று அண்ணனுக்குத் தெரியாதா? ஆக நான் மறைத்தது யாருடைய பெயரை?

அன்று இரவே அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை, குரல் உடைந்திருந்தது. "பேச்சுவாக்குல கேட்டது தம்பி. சொந்தக்காரங்க வீட்டுக்குப் பக்கமான்னு தெரிஞ்சுக்கத்தான். நான் அப்படிப்பட்டவனா?" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றேன்.

இதையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எது தெரியும் என்று சொன்னேன்?

அவர் இரண்டு வரியில் மன்னிப்பு எழுதி அனுப்பினார். மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்றிருந்தது. அந்த 'இருந்தால்' என் கண்ணில் பட்டது. திருத்தி எழுதச் சொல்லியிருக்கலாம். 'கூடும்' போட்டவன் 'இருந்தால்' பற்றி எந்த முகத்தோடு பேசுவது என்று அப்படியே அனுப்பிவைத்தேன். "படித்தேன். நன்றி" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தக் காலுக்கும் வரவில்லை.

அவர் அனுப்பியிருந்த புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, இன்னும் திறந்தே இருக்கிறது. நூலகப் பட்டியலில் ஔவையார் என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வரும். மீதியை யாரோ ஒள என்று, ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாக அடித்து, ஒளவையார் என்று பதிந்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடின் வழக்கமான சீராக்கம் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் அந்த ள வேறு எழுத்து. சொல்லின் முதலில் ஒள வந்து, அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளும்படி, ஒளி, ஒளிவு போன்ற சொற்கள் கெடாதபடி, மிகக் கவனமாக எழுதியிருந்தார். நாங்கள் பல வருடம் பார்த்தும் பார்க்காமல் விட்ட பிழை. அதற்கு அண்ணன் ஏழு ரிவ்யூ குறிப்பு எழுதியிருக்கிறார், எல்லாம் அந்தப் புதன்கிழமைக்கு முன்னால். ஏழுமே நல்ல குறிப்புகள். ஐந்துக்கு அந்தப் பெண் திருத்தம் செய்துவிட்டார். இரண்டு அப்படியே நிற்கிறது.

அறுபது நாள் யாரும் தொடாவிட்டால் எங்கள் பாட், தானாக இயங்கும் ஒரு நிரல், அதற்குப் 'பழசு' என்று லேபிள் ஒட்டும், அதன் பிறகு மூடிவிடும். இதுவரை நான்கு முறை அந்த லேபிளை எடுத்திருக்கிறேன். உரிமத்தின்படி மிச்ச இரண்டு திருத்தத்தையும் நானே செய்து மெர்ஜ் செய்துவிடலாம், தடையில்லை. ஒரு மணி நேர வேலை. போன வாரம் அவருடைய நிரல் இருக்கும் அந்தக் கிளையை என் கணினியில் இறக்கினேன். முதல் கமிட்டில், அதாவது முதல் மாற்றப் பதிவில், அவர் பெயரும் தேதியும் இருந்தன. அவருக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். மன்னிப்பா, அழைப்பா, அனுமதியா, எதைக் கேட்பது என்று தெரியாமல் முதல் வரியிலேயே நிற்கிறது.