மெலிந்து போன பேல் ஏல்: நாட்குறிப்பு

பிப்ரவரி 2

இன்று 20 லிட்டர் பேல் ஏல் பியர் காய்ச்சினோம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) நாலரைக் கிலோ, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மாஷ், அதாவது அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து மாவைச் சர்க்கரையாக்குவது. கணக்குப்படி தொடக்க அடர்த்தி, அதாவது நொதிக்கும் முன் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் எண், 1.050 வந்திருக்க வேண்டும் (வெறும் தண்ணீர் 1.000). வோர்ட் (மாஷிலிருந்து வடித்த இனிப்பு நீர்) முழுசாக ஆறுவதற்குள் கூட்டாளி அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, "1.030தான் காட்டுது, போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாதிரியின் சூடு அப்போது 45 டிகிரி. அவருடைய கருவி 20 டிகிரிக்கென்று செய்தது. சூடான திரவத்தில் அது கூடுதலாக அமிழும், எண் குறைவாகத் தெரியும். ஆறவிட்டுப் பார்த்தோம், 1.038. எட்டுப் புள்ளி (0.001 ஒரு புள்ளி) திரும்பி வந்தது. மீதி பன்னிரண்டு நிஜமாகவே காணோம்.

சர்க்கரையைக் கொட்டிச் சரிக்கட்டலாம் என்றார். 600 கிராம் சொச்சம் போட்டால் எண் வந்துவிடும். ஆனால் ஈஸ்ட் சர்க்கரையைத் துளி மிச்சம் வைக்காது. ஆல்கஹால் ஏறும், பியர் இன்னும் நீர்த்துப்போகும். மால்ட் சாற்றுப் பொடி என்றால் தேவலை, கைவசம் இல்லை. கொதிக்கவைத்து வற்றவைப்பதென்றால் 1.045க்கே மூன்று லிட்டர் ஆவியாக வேண்டும், ஹாப்ஸின் (கசப்புக்குப் போடும் பூ) கசப்பும் தூக்கலாகிவிடும். அப்படியே ஈஸ்டைத் தூவி மூடினோம். என்ன கோளாறு என்று தெரியாமல் மருந்து கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 3

ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வெறும் தண்ணீரில் விட்டேன்: 1.000. கருவி மேல் குற்றமில்லை. வெப்பமானி பனிக்கட்டித் தண்ணீரில் பூஜ்யம் காட்டியது. மாஷின் பிஎச் (புளிப்பின் அளவு) 5.4 என்று நேற்றே எழுதி வைத்திருக்கிறேன், 5.2க்கும் 5.6க்கும் நடுவில், நல்ல இடம். தண்ணீர் கூடிவிட்டதோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. மூன்று லிட்டர் அதிகமாகியிருந்தால்கூட 1.043க்குக் கீழே இறங்கியிருக்காது.

அப்புறம் கணக்கு. நல்ல பேல் மால்ட் ஒரு கிலோவை ஒரு லிட்டராக்கினால் சுமார் 300 புள்ளி தரும். நாலரைக் கிலோவுக்கு 1350. நமக்குக் கிடைத்தது 38 பெருக்கல் 20, அதாவது 760. வெறும் 56 சதவீதம். இதே பாத்திரங்களில் வழக்கமாக 75 வரும்.

ஆக, மாவு மால்ட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பிப்ரவரி 4

சக்கையை இன்னும் கொட்டவில்லை, நல்லதாயிற்று. ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் பரப்பினேன். உமி வெடித்து மாவு கரைந்துபோன வெறுங்கூடுகள் இருக்க வேண்டிய இடத்தில், முழு மணிகள். ஊறி உப்பியிருந்தன, ஆனால் உடையவே இல்லை. ஒன்றைக் கடித்தேன், வெளியே மெத்தென்று, நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு. இனிப்பே இல்லை. கடித்த பாதியின் மேல் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகிவிட்டது, மாவு இருப்பதற்கு அடையாளம். எடுத்து வைத்திருந்த மாஷ் நீரிலும் ஒரு சொட்டு விட்டேன். அதில் அயோடினின் பழுப்பு நிறம் மாறவில்லை.

இந்த இரண்டு சொட்டிலேயே விஷயம் முடிந்துவிட்டது. கரைந்து வந்த மாவையெல்லாம் மால்ட்டில் இருக்கும் என்சைம்கள் ஒழுங்காகச் சர்க்கரையாக்கியிருக்கின்றன. உடையாத மணிக்குள் தண்ணீரே சரியாகப் போகவில்லை, என்சைம் பாவம் என்ன செய்யும்? மால்ட் கடையில் அரைத்தே தந்தது. அரைக்கும் ஆலையின் உருளைகளின் இடைவெளியை அகலமாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அகலமாக வைத்தால் ஆலை அடைக்காது, வேலை சீக்கிரம் முடியும், நஷ்டம் காய்ச்சுகிறவனுக்கு.

பிப்ரவரி 16

கூட்டாளி ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) பார்த்துவிட்டு, "1.020லேயே நிக்குது, ஈஸ்டும் செத்துப்போச்சு" என்கிறார். இந்தக் கருவி பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஆல்கஹால் கலந்துவிட்டால் ஒளி வேறு மாதிரி விலகும், திருத்தக் கணக்குப் போடாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது. ஹைட்ரோமீட்டரில் 1.010. மூன்று நாள் முன்பும் அதேதான், ஆகவே நொதித்து முடிந்தது. 28 புள்ளி, அதாவது 0.028 இறங்கியிருக்கிறது, வழக்கமான சூத்திரப்படி 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 3.7 சதவீதம். ஈஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. இருந்ததைத்தானே அது தின்ன முடியும்.

பிப்ரவரி 23

அதே மால்ட், அதே எடை, அதே தண்ணீர். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினோம்: இடைவெளியை 1 மி.மீ. ஆக்கி இன்னொரு முறை ஓட்டினோம். மாவும் நொய்யும் கலந்து விழுந்தன. உமி மட்டும் பெரும்பாலும் முழுசாக. உமி பொடிந்துவிட்டால் வடிகட்டப் படுக்கை இருக்காது, மாஷ் களியாக இறுகி அடைத்துக்கொள்ளும். வடிதல் போன தடவையைவிட மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆறவிட்டு அளந்தது: 1.049.

மார்ச் 16

முதல் பியரின் பாட்டில் திறந்தோம். நுரை நன்றாக நிற்கிறது, மணமும் குறைவில்லை. கசப்புதான் துருத்திக்கொண்டிருக்கிறது. 1.050க்குத் தாங்கும் என்று போட்ட ஹாப்ஸ், 1.038இன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மென்மையான ஏல் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கூட்டாளிக்கு இதுவே பிடித்துவிட்டது. மால்ட்டைக் குறைத்து இதையே வேண்டுமென்று ஒரு தடவை காய்ச்சலாம் என்கிறார். சரி, செய்யலாம். ஆனால் ஹாப்ஸைக் கால் பங்கு குறைத்துத்தான்.