வேலை யார் கைக்குப் போகிறது: ஒரு தீபாவளி மாதக் குறிப்புகள்

அக்டோபர் 4, 2025, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. ஆபீஸ் முடிந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாமல் ரங்கநாதன் தெருப் பக்கம் போனேன். நறுக்கிய காய் விற்கும் பெண்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். உரித்த சின்ன வெங்காயம், மொச்சை, பொடியாக அரிந்த பீன்ஸ், நார் எடுத்த வாழைத்தண்டு, அவியலுக்கென்றே கலந்து கட்டிய பொட்டலம். தாம்பரம், செங்கல்பட்டு ரயில் பிடிக்கிறவர்கள் நின்றபடியே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வீடு போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். அதற்கு மேல் அரிவாள்மணையை எடுக்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

வாழைப்பூ கேட்டேன். "ஆஞ்சினு இருக்கேன், செத்த நில்லு கண்ணு" என்றார் அந்த அம்மா. நின்று பார்த்தேன். மடலை உரிக்கிறார், உள்ளே இருக்கும் பூக்கொத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்க்கிறார். முனைகள் விரிந்ததும் ஒவ்வொரு பூவிலிருந்தும் வேகாத நரம்பான கள்ளனை இழுக்கிறார், அடியில் இருக்கும் கண்ணாடிச் செதிலைக் கிள்ளுகிறார். பூ மோர்த் தண்ணீருக்குள் விழுகிறது. ஒரு மடலுக்குப் பத்துப் பன்னிரண்டு பூ. கண் தெருவில் இருக்கிறது, வாய் விலை சொல்கிறது, விரல் நிற்கவே இல்லை. நகக்கண் எல்லாம் கருப்பு. அது எண்ணெய் தடவினாலும் முழுசாகப் போகாத கறை.

பொட்டலம் ஐம்பது ரூபாய். பக்கத்தில் நின்றவர் நாற்பதுக்குக் கேட்டார். முழுப் பூவே முப்பது ரூபாய் விற்கும்போது, மிச்சம் இருபதுதான் அந்த முக்கால் மணி நேர வேலைக்கு. அதில் பத்தைக் குறைக்கச் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதில் விழும்படியே ஐம்பதைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பாக்கெட் மாவு வாங்கி வந்ததைப் பார்த்ததும் அத்தை ஆரம்பித்துவிட்டார். "எங்க காலத்துல எல்லாத்தையும் நாங்களே செஞ்சோம்." இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் அவரிடமே கேள்வி கேட்பேன். அவருக்கும் அது பிடிக்கும், ஏனென்றால் அவர் நினைவு துல்லியமானது.

ஆட்டுக்கல்லில் அரைத்தது அவருடைய அம்மா. அத்தை கல்யாணமாகி வந்தபோது கோயம்புத்தூர் கிரைண்டர் வந்துவிட்டது. அந்த ஊர் சபாபதி 1955-லேயே அந்த யந்திரத்தைச் செய்துவிட்டார். பிறகு அது பெரிய தொழிலாகி, புவிசார் குறியீடு வரைக்கும் வாங்கியது. 2011-க்குப் பிறகு அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தது. பெங்களூரில் 2005-ல் முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் ஒரு சின்ன அறையில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் மாவு இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. எங்கள் தெருமுனையில் டப்பாவோடு போனால் கிலோக் கணக்கில் ஊற்றித் தரும் கடை தனி. மிளகாய்ப் பொடிக்கும் கோதுமைக்கும் மில்லுக்குப் போய்க் கூலி கொடுத்து அரைத்தது அத்தையின் காலத்திலேயே உண்டு.

"சரி அத்தை, துணி யார் துவைச்சா?" என்றேன். வண்ணார் வீட்டிலிருந்து வந்து எடுத்துப் போவார்களாம். முடி வெட்ட நாவிதர். மாட்டுக் கொட்டகைக்கு ஒரு குடும்பம். கூலி? வருஷத்துக்கு ஒரு தரம் களத்தில் நெல் அளந்து போடுவார்கள், தினமும் பழைய சோறு. வேண்டாம் என்று விட்டுப் போக அவர்களுக்கு வழி கிடையாது, அது அவர்கள் பிறப்போடு ஒட்டிய வேலை.

"அப்ப எல்லாத்தையும் நாங்களே செஞ்சோம்னு எப்படிச் சொல்றது?" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுப்படிய மட்டும்தான் சொல்றேன்" என்றார் அப்புறம்.

அதனால்தான் காசு கொடுத்து வேலை வாங்குவதைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால் நான் கூடச் சேர்வதில்லை. கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போகலாம். களத்து நெல்லில் அது இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம். தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் சம்பளம். பாத்திரம், பெருக்கித் துடைப்பது இரண்டுக்கும் சேர்த்து மாதம் மூவாயிரத்துக்கு மேல் யாரும் தரக் கூடாது என்று முடிவு எடுக்கலாம் என்றார் ஒருவர். என்னைப் பார்த்து, "நீங்க ஒருத்தர் ஏத்திக் குடுத்தா எல்லாருக்கும் ரேட் கெட்டுடும்" என்றார். இன்னொருவர், இப்போதுதான் ஆப்பில் மணிக் கணக்கில் ஆள் வருகிறார்களே என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம். மாதம் நாற்பத்தைந்து மணி. மூவாயிரம் என்றால் மணிக்கு அறுபத்தாறு ரூபாய் சொச்சம். வாராந்திர விடுமுறை கிடையாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அக்காவுடையதும் ஒன்று. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அவர்களைப் போன்றவர்களால் இன்னும் இந்தப் பக்கம் வேலைக்கு வர முடிகிறது. அந்தப் பயண நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. 2018-ல் அரசு குறைந்தபட்ச ஊதியமும் அறிவித்தது, மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கும் விகிதம். "அப்ப நாம அதிகமாத்தானே குடுக்கறோம்" என்று உடனே ஒரு குரல். அது கீழ்வரம்பு, அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்காக வைத்தது என்றேன். நியாயக் கூலி இவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டுப் பணியாளர்களுக்காகவே 189-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதற்கு ஓட்டுப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

ஆப் விஷயமும் லேசானது இல்லை. இந்த மார்ச்சில் அர்பன் கம்பெனி மும்பையில் பதினைந்து நிமிடத்தில் வேலையாள் என்று அறிவித்தபோது அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். சேவைக்கு 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்று பெயர் வைத்து, எதிர்ப்பு வந்ததும் 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று மாற்றினார்கள். பதினைந்து நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே எங்கோ காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தையும் யாராவது ஒருவர் சுமக்கத்தானே வேண்டும்.

கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. சாப்பாடு ஆர்டர் பண்ணலாமா என்று பையன் கேட்டான். இந்த மழையில் வேண்டாம் என்று ரவை உப்புமா கிளறினேன். கீழே வண்டிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. சாப்பாடு கொண்டுவரும் இந்த இளைஞர்களுக்கும் 2023 கடைசியில் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் வந்தது. இந்த வருஷம் அண்ணா நகரில் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. நல்ல காரியம். ஒவ்வொரு பெரிய சாலையிலும் அப்படி ஒன்று வேண்டும், கழிப்பறையோடு.

அக்டோபர் 18, சனி

தீபாவளி பட்சணம். அதிரசமும் மைசூர்பாகும் பின் தெரு மாமியிடம் சொல்லிவிட்டோம். அவருக்கு இந்த ஒரு மாத வருமானத்தில்தான் பேத்தியின் காலேஜ் ஃபீஸில் பாதி போகிறது. முறுக்கு மட்டும் வீட்டில். என் வீட்டுக்காரர் பிழிந்தார், நான் எடுத்தேன். லேகியத்தை மட்டும் அத்தை யாரிடமும் விடவில்லை. ஓமமும் கண்டந்திப்பிலியும் இடித்து, வெல்லப்பாகில் நல்லெண்ணெய் பிரிகிற வரை அவரே நின்று கிளறினார்.

அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸும் புடவையும் கொடுத்தேன். காபி குடித்தபடி, "உங்க வீட்ல பலகாரம் என்னக்கா?" என்று கேட்டேன்.

"கடையிலதாம்மா. நாலு வீடு முடிச்சு நான் போறதுக்குள்ள மூணு மணி. எங்க சுடறது?"

"காலையில டிபன்?"

"அதையும் கடைமாவுல பாப்பாவே ஊத்திக்கும். நான் அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பிடுவேன்ல. அதுதான் எழுந்து தண்ணி புடிச்சு, பாத்திரம் கழுவி, தம்பிக்கு ஊத்திக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போவும். பாதி நாள் ப்ரேயர் முடிஞ்சிடும், வெளிய நிக்க வெச்சிடுவாங்களாம்."

பாப்பா எட்டாம் வகுப்பு. ஆறரை மணிக்கு என் வீட்டுப் பாத்திரத்தை அக்கா கழுவும் நேரத்தில், பெரும்பாக்கத்தில் அக்கா வீட்டுப் பாத்திரத்தை அந்தப் பெண் கழுவுகிறாள். நான் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு அவளுடைய வேலைக்கும் சேர்த்துத்தான். அவள் கைக்கு எதுவும் வருவதில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

அக்காவுக்கு இரண்டு நாள் லீவு, சம்பளத்தோடு. நேற்று விருந்துப் பாத்திரம் மலைபோல். இவர் சோப்பு போட்டார், பையன் அலசினான், நான் துடைத்து அடுக்கினேன். எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடித்த கடலை மாவுப் பிசுக்கு நாருக்கு அசையவே இல்லை. சுடுதண்ணீர் ஊற்றி, சாம்பல் தேய்த்து, மறுபடியும் சுடுதண்ணீர். ஒரு சட்டிக்கு அவ்வளவு நேரம். பையன் கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை இரவு எடுத்துப் பார்த்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88. வேலையை வெளியே கொடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எப்போதும் எனக்கும் அத்தைக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது. அதில் இவரும் பையனும் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரிப் பாத்திரம் இனி அவர்கள் இருவர் பொறுப்பு. மகளிர் உரிமைத் தொகையை 2023-ல் அறிவித்தபோது, வீட்டுக்குள் கூலியில்லாமல் உழைப்பவர்களுக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு சொன்னது. அந்த எண்ணம் வீட்டுக்குள்ளும் வர வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். சம்பளம் நாலாயிரம். ஞாயிறு லீவு. உடம்பு முடியாத நாளுக்குப் பிடித்தம் இல்லை. நல வாரியப் பதிவுக்கு ஆதாரையும் ரேஷன் கார்டையும் கொண்டுவரச் சொன்னேன், விண்ணப்பம் நான் போட்டுத் தருகிறேன். எல்லாம் ஒரு தாளில் எழுதி அவரிடமும் ஒன்று கொடுத்தேன்.

படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "லீவு சரிம்மா. ஆனா எனக்கு ஒண்ணு கேக்கணும். ஆறரைக்குப் பதிலா ஏழே முக்காலுக்கு வரட்டுமா? தண்ணி புடிச்சு, பாத்திரம் கழுவி வெச்சிட்டு வந்துடுவேன், பாப்பா நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போயிடும்" என்றார்.

எனக்கு அதில் கஷ்டம் இல்லை. ராத்திரிப் பாத்திரம் வீட்டிலேயே முடிந்துவிடுவதால் காலையில் அவசரமும் இல்லை. ஆனால் எங்களுக்கு அடுத்து அவர் போவது மூன்றாம் மாடிக்கு. அந்த அம்மா எட்டு மணிக்கெல்லாம் ஆபீஸ் கிளம்புகிறவர். கூட்டத்தில் மூவாயிரம் வரம்புக்குக் கை தூக்கியவரும் அவர்தான். வீட்டுச் சாவியை அக்காவிடம் நம்பிக் கொடுக்கலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன். நாளை சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறேன் என்று அவருக்கு மெசேஜ் போட்டாயிற்று. பாப்பாவின் ஸ்கூல் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.