பெரியப்பாவின் உளிகளை மெல்பேர்ணுக்குத் தபாலில் அனுப்பிய கதை

கத்தி, உளி மாதிரியான கூரான சாமான்களைத் தபாலில் அனுப்ப ஏலுமா என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு "விசரா உனக்கு, பொலிஸ் வந்து நிற்கும்" என்ற பதில். ஏலும். நான் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. தபால்காரர்களுக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. பெட்டிக்குள்ளே ஆடுகிற கத்தியும், படிவத்தில் "வீட்டுச் சாமான்" என்று மொட்டையாக எழுதியிருப்பதும்தான் அவர்களுக்குப் பிரச்சினை. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் எனக்கு நேரம் போனது, அதைத்தான் எழுதப்போகிறேன்.

உவர்மலையில் இருக்கிற எங்கள் பெரியப்பா ஓடாவி. நிலை, கதவு, கட்டில், இடைக்கிடை வள்ளத்துக்கும் வேலை. இப்போது கை நடுங்குகிறது, உளி பிடிப்பதில்லை. மெல்பேர்ணில் இருக்கும் பேரன், அதாவது என் மருமகன், அங்கே மரவேலை பழகுகிறான். "மாமா, தாத்தாவின் உளிகளை எப்படியாவது அனுப்புங்கோ" என்று கேட்டான். அவனுடைய அம்மா, எங்கள் அக்கா, தன் பங்குக்குப் பெரியம்மாவின் மீன் வெட்டுகிற கத்தியையும் கேட்டார். அப்புறம் மருமகன் காட்டுக்கத்தியையும் கேட்டான், ஞாபகத்துக்காக.

காட்டுக்கத்தி அங்கேயே அடிபட்டுப் போனது. மெல்பேர்ண் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் இந்த வகைக் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அகலமான அலகு, வெட்டும் பக்கம் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதில் அகப்படும். சமையலறைக் கத்திக்கு விலக்கு இருக்கிறது, ஆகவே மீன் கத்தி தப்பியது. "தேங்காய் வெட்டுற கத்திக்குமா சட்டம்?" என்று பெரியப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. எனக்கு அதில் வாதாட விருப்பமில்லை. போய்ச் சேருகிற நாட்டிலும் மாநிலத்திலும் அந்தச் சாமானுக்கு என்ன பெயர், என்ன சட்டம் என்று பெறுகிறவரே பார்த்துச் சொல்ல வேண்டும், அனுப்புகிறவர் இங்கிருந்து ஊகிக்கக்கூடாது. இரண்டு பக்கமும் கூரான குத்துக்கத்தி, பட்டனை அமத்தினால் பாயும் கத்தி இவற்றை அவுஸ்திரேலியா சும்மா உள்ளே விடாது. மரவேலை உளிக்கு அப்படி ஒரு தொல்லையும் இல்லை.

முதலில் ஒரு தனியார் கூரியர் முகவரிடம் போனேன். உளி என்றதும் அவர் தலையை ஆட்டிவிட்டு, "கத்தி கித்தி நாங்கள் எடுக்கிறதில்லை அண்ணன்" என்றார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சரி என்று தபால் கந்தோருக்குப் போனேன். போகும்போது ஒரு உளியை நான் பொதி செய்ய நினைத்த விதத்திலேயே சுற்றிக் கையில் கொண்டுபோனதுதான் நான் செய்த நல்ல காரியம். கவுண்டரில் இருந்த அக்கா அதை வாங்கி அழுத்திப் பார்த்தார், உதறிப் பார்த்தார், உள்ளே எழும்பிப் போய்ப் பெரியவரிடம் காட்டிவிட்டு வந்து, "இப்படி என்றால் எடுக்கலாம், ஆனால் பெட்டியை ஒட்டாமல் கொண்டுவாங்கோ, நாங்கள் பார்த்த பிறகு ஒட்டலாம்" என்றார். வாயால் மட்டும் கேட்டிருந்தால் நிச்சயமாக ஏலாது என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி பொதி செய்வது. இதில்தான் பெரியப்பா உள்ளே வந்தார்.

நான் உளியின் அலகை மட்டையால் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே, "தம்பி, அலகைச் சுற்றி என்ன பிரயோசனம், முனையைப் பார்" என்றார். யோசித்தால் அதுதான் சரி. பெட்டி விழும்போது உளி பக்கவாட்டில் வெட்டுவதில்லை, தன் பாரத்தோடு முன்னுக்கு ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் மட்டை உறையையும் துளைக்கும், பெட்டியின் சுவரையும் துளைக்கும், அதைத் தூக்குகிறவரின் உள்ளங்கையையும் துளைக்கும். ஆகவே முனைக்கு முன்னால் உளியால் ஊடுருவ முடியாத ஒன்று வேண்டும். பெரியப்பா கண்டுபிடித்தது பழைய பாட்டா செருப்பு. குதிப் பக்கத்தில் தடித்த ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் உளியின் வாயை அரை அங்குலம் இறங்கும்வரை குத்தி, அந்த ரப்பரைப் பிடியோடு சேர்த்துச் சணல் நூலால் இழுத்துக் கட்டினோம். இனி உளி முன்னுக்கும் ஓடாது, ரப்பர் கழன்றும் போகாது. அதற்கு மேல்தான் மட்டை உறை, அதுவும் இரண்டு மடிப்பு. மட்டையின் நெளிவுக் கோடுகள் அலகுக்குக் குறுக்கே போகும்படி வெட்ட வேண்டும், அலகோடு ஒரே திசையில் போனால் கூர்ப்பக்கம் ஒரு கோட்டுக்குள் விழுந்து நேராக வெளியே வந்துவிடும்.

மீன் கத்திக்கு வேறு வழி. காலியான எண்ணெய்க் கானின் பிளாஸ்டிக்கை நீளமாக வெட்டி, நடுவில் மடித்து, மடிப்பு கூர்ப்பக்கத்தில் வரும்படி மாட்டி, அதன்மேல் மட்டை. டேப்பை மட்டையில் ஒட்ட வேண்டும், கத்தியில் ஒட்டக்கூடாது. பசை அலகில் பிடித்தால், பிரிக்கிறவர் அதை இழுக்கும்போதுதான் கை வெட்டுப்படும்.

சிலர் இதற்குப் பிவிசி பைப்பை வெட்டி உளியைப் போட்டு இரண்டு பக்கமும் மூடி அடித்து அனுப்பச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு முனையும் மூடிய குழாய்க்குள் இரும்பு, அதை எக்ஸ்ரே திரையில் பார்க்கிற ஒரு மனிதர், அதுவும் நம்முடைய நாட்டில். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

துரு இன்னொரு தலையிடி. பெரியப்பாவின் உளிகள் பழைய இரும்பு, எவர்சில்வர் இல்லை. திருகோணமலைக் கடற்காற்றில் இராவோடிராவாகச் செம்மை தட்டும். மண்ணெண்ணெயால் துடைத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றினேன். பத்திரிகைத் தாளை இரும்பில் நேரே சுற்றினால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் மணம் முற்றாகப் போக வேண்டும், ஏனென்றால் எரிபொருள் மணக்கிற பெட்டியை எவரும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்து அனுப்பலாமே என்று பெரியம்மா சொன்னார், அதையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டோம்.

அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இரும்பைவிட மரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அவர்களுடைய உயிரியல் பாதுகாப்பு விதிகள் அவ்வளவு கடுமை. மரப்பிடியில் பட்டை, மண், பூச்சித் துளை ஒன்றும் இருக்கக்கூடாது. ஒரு உளியின் பிடி உளுத்துப் போயிருந்தது, தட்டினால் மாவு கொட்டியது. பெரியப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அவரே சுத்தியலால் தட்டிக் கழற்றி, "இரும்பை அனுப்பு, பிடி அவன் போடட்டும், அதுதானே பழகுகிறான்" என்றார். இழைப்புளியின் கட்டையையும் அலகையும் பிரித்துத் தனித்தனியாகச் சுற்றினோம், ஆப்பை ஒரு கடதாசிப் பையில் போட்டோம். இடைவெளி நிரப்ப அவருடைய பட்டறையில் மூட்டை மூட்டையாக மரச்சீவல் கிடந்தது. அதுவும் கூடாது, வைக்கோலும் உமியும் கூடாது, மரக்கறி, பழம், முட்டை வந்த பெட்டியும் கூடாது. கசக்கிய கடதாசிதான்.

பெட்டி மின்சாமான் கடையில் வாங்கியது, இரண்டு நெளிவு உள்ள தடித்த மட்டை. உளிகளை இரண்டு கட்டாகக் கட்டி, எல்லா வாயும் பெட்டியின் நடுப்பக்கம் பார்க்க, பிடிகள் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்தேன். நடுவில் ஒரு பலகைத்துண்டு வைக்கலாம் என்று முதலில் யோசனை, பிறகு மரம் என்பதால் அதையும் விட்டு, மட்டையை நாலு மடிப்பாக ஒட்டி வைத்தேன். பெட்டியைத் தற்காலிகமாக மூடி உலுக்கினால் ஒரு சத்தமும் வரக்கூடாது. பிறகு இடுப்பளவு உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டுப் பார்த்தேன், பெரியம்மா உள்ளேயிருந்து கத்தினார், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பிரித்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு தாள்: கூரான கருவிகள், இந்தப் பக்கத்தில் வெட்டுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். வழியில் திறக்கிற சுங்க அதிகாரிக்கும் அது பொருந்தும்.

படிவம் சி.என். 23. வெளிநாட்டுப் பார்சல்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் வைத்திருக்கும் சுங்கப் பிரகடனம் இது. (2 கிலோவுக்குள் சிறு பொதியாக அனுப்பினால், பெறுமதி குறைவானதற்குச் சின்னப் படிவமான சி.என். 22 போதும்.) பொருள் விவரம் என்ற இடத்தில் "டூல்ஸ்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். மரவேலை உளி, கைக்கருவி, பாவித்தது, இத்தனை, நிறை இவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். சமையலறைக் கத்தி தனி வரி. சுங்கக் குறியீடும் போட்டேன்: உளியும் இழைப்புளியும் 8205.30, நிலையான அலகுள்ள கத்தி 8211.92. அன்பளிப்புக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் குறியீட்டைப் பார்க்கிறவருக்கு இது தச்சுக் கருவி, ஆயுதமில்லை என்று உடனே விளங்கிவிடும். பெறுமதியை உள்ளபடி எழுதினேன். 1000 அவுஸ்திரேலிய டொலருக்கு உட்பட்ட பொதிக்கு அங்கே சுங்கத்தில் பெரிய வேலையில்லை, பழைய உளிகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பு என்ற கட்டத்தையும் மறக்காமல் அடையாளமிடுங்கள், கைவிடு என்று போட்டால் தாத்தாவின் உளி அங்கேயே போய்விடும்.

கவுண்டரில் அதே அக்கா. பெட்டிக்குள் பார்த்தார், ஒரு கட்டைத் தூக்கி ரப்பர் முனையை விரலால் தட்டினார், "செருப்பா இது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு ஒட்டச் சொன்னார். நிறுத்து, காசு கட்டி, பற்றுச்சீட்டு வாங்கியாயிற்று. சீட்டில் உள்ள இலக்கம் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் எல்.கே. இதே இலக்கத்தை அவுஸ்திரேலியத் தபாலின் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம், தனி இலக்கம் தேவையில்லை. கொழும்பு மத்திய அஞ்சல் பரிமாற்றகத்தில் நின்ற நாட்களில் அது அசையவே இல்லை, மருமகன் இரவில் அழைத்து "மாமா, பிடித்துவிட்டார்களோ" என்று கேட்டபடி இருந்தான். வெளிநாட்டுப் பொதிகள் சுங்கத்துக்குக் காட்டப்படுவது அங்கேதான், நிற்கும், பதறத் தேவையில்லை.

பெட்டி போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கம் திறந்து மறுபடி ஒட்டியிருந்ததாம். யார் திறந்தார்களோ, திரும்ப அதே மாதிரி வைத்து மூடியிருக்கிறார்கள். ஒரு உளி மட்டும் ரப்பருக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது, மறுபக்கம் வரவில்லை.

இப்போது பெரியம்மா துருவலையையும் அனுப்பச் சொல்கிறார். கட்டையை விட்டுவிட்டு இரும்பு நாக்கை மட்டும் கழற்றி அனுப்பலாம். அதன் பல்லுக்கும் செருப்பு போதும் என்கிறார் பெரியப்பா, எனக்கு மோட்டார் சைக்கிள் டியூப் நல்லது என்று படுகிறது.