யாருக்கும் பயன்படாத கருவி என்று எப்படி முடிவு செய்வது?

2023 கடைசியில் விக்கிக் கருவிகள் ஓடும் டூல்ஃபோர்ஜ் வழங்கியிலிருந்து ஒன்பது டிக்கெட்டுகள், அதாவது பணிக் கோரிக்கைகள், என் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே செய்திதான்: இந்தக் கருவி இன்னும் பழைய கிரிட் எஞ்சினில் ஓடுகிறது, குபர்னெட்டிஸுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நிறுத்தப்படும். (கிரிட் எஞ்சினும் குபர்னெட்டிஸும் கருவிகளை வழங்கியில் ஓட்டும் மென்பொருள்கள், முன்னது பழையது, பின்னது புதியது.) அந்த ஒன்பது கருவிகளில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. தமிழ் விக்கியில் எனக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த ஓர் அண்ணன் 2013-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதியவை, இன்னும் சில வேறு மொழி நண்பர்களிடமிருந்து அவர் வாங்கிப் பராமரித்தவை, இந்த ஒன்பதையும் சேர்த்து மொத்தம் பதினொன்று. குடும்பம், வேலை என்று அவர் ஒதுங்கியபோது என்னையும் இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். சேர்த்ததோடு சரி. டிக்கெட் வரும்வரை நான் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா, நூல்களை இணையத்தில் தொகுக்கும் விக்கிமூலம் போன்ற திட்டங்களுக்குத் தன்னார்வலர்கள் எழுதும் சிறு நிரல்கள் ஓடுவதற்கு விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும் பொது வழங்கிதான் டூல்ஃபோர்ஜ். முன்பு விக்கிமீடியாவின் ஜெர்மனி அமைப்பு இதே வேலைக்காக டூல்சர்வர் என்று ஒன்றை நடத்தியது, 2014-ல் அதை மூடியபோது எல்லாரும் இங்கே குடிவந்தார்கள். இங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கணக்கு, தனி அடைவு. ஆனால் கோப்புகள் இருக்கும் வட்டு எல்லாருக்கும் பொது, தரவுத்தள நகல்களும் பொது. ஒருவருடைய நிரல் தறிகெட்டு ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேகம் குறையும். இடம் இலவசம் என்பதால் கணக்கு தொடங்க யாரும் யோசிப்பதில்லை, மூடுவதற்கென்று யாரும் திரும்பி வருவதுமில்லை.

கிரிட் எஞ்சின் மென்பொருளுக்கே 2016-க்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. கடைசியில் 2024 மார்ச்சில் அதை முழுதாக நிறுத்தினார்கள். என் கருத்தில் அது சரியான முடிவு. பராமரிப்பு இல்லாத அடித்தளத்தின் மேல் இத்தனை கருவிகளை நிற்க வைப்பது நியாயமில்லை.

சரி, என் பதினொன்றுக்கு வருகிறேன். முதல் வார இறுதியில் ஒவ்வோர் அடைவாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் பிழைப் பதிவுக் கோப்பு மட்டும் பல ஜிபி. 2019-ல் விக்கி தரவுத்தளத்தில் பயனர் பெயர்களைப் பதிப்பு அட்டவணையிலிருந்து எடுத்து ‘ஆக்டர்’ என்ற தனி அட்டவணைக்கு மாற்றினார்கள். அது தெரியாத இந்த நிரல் பழைய நெடுவரிசையைத் தேடித் தேடி, கிடைக்கவில்லை என்ற ஒரே வரியை நான்கு வருடங்களாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது, அதுவும் எல்லாருக்கும் பொதுவான வட்டில். அதை அன்றே நிறுத்திக் கோப்பைக் காலி செய்தேன். இன்னொன்று வெறும் ‘விரைவில் வரும்’ என்ற பக்கம். அதையும் மூடுவதில் எந்தத் தயக்கமும் இல்லை. இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று நகல், எது உண்மையில் பயன்பாட்டில் இருந்தது என்று கண்டுபிடிக்க விக்கிப் பக்கங்களில் எந்த முகவரிக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருந்தது.

மற்றவற்றில் எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பதுதான் கேள்வி. வருகைப் பதிவைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். டூல்ஃபோர்ஜில் வாசகரின் ஐபி முகவரி நமக்குத் தெரியாது, முன்னால் இருக்கும் இடைவழங்கியே அதை மறைத்துவிடும். தனியுரிமைக்கு அது அவசியம், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் நாளுக்கு முந்நூறு வருகை என்றால் அது முந்நூறு பேரா, ஒரே ஆளா என்று சொல்ல முடியாது. உலாவியின் பெயரைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலும் தேடுபொறிகளின் ஊர்தல் நிரல்கள். ‘நிறைய வருகை’ என்று நான் குறித்து வைத்திருந்த கருவிக்கு உண்மையில் மனிதர் யாருமே வரவில்லை.

தலைகீழாகவும் ஒன்று நடந்தது, அது என் தவறு. ஒரு கருவிக்கு வலைப்பக்கமே கிடையாது. வருகை சுழியம். 2014-க்குப் பிறகு நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. விளக்கக் கோப்பும் இல்லை. கிரானில், அதாவது குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில், வாரம் ஒருமுறை ஓடும், பிஎச்பி மொழியில் எழுதிய எண்பது வரி நிரல். இது யாருக்கு என்று நினைத்து, நவம்பரில் கிரான் வரியை எடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் விக்கிமூலத்தில் என் பேச்சுப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: “வணக்கம் தம்பி, ஞாயிறுதோறும் வரும் பட்டியல் பழையதாகவே இருக்கிறதே, ஏதும் சிக்கலா? அண்ணனைக் கேட்டேன், உங்களைக் கேட்கச் சொன்னார்.”

அந்த நிரல், விக்கிமூலத்தில் எந்தெந்த நூலுக்கு மெய்ப்புப் பார்க்க இன்னும் சில பக்கங்களே மிச்சம் என்று கணக்கிட்டு ஒரு பயனர் துணைப்பக்கத்தில் எழுதி வைக்கும். தரவுத்தளத்தை நேராகத் தொடாமல் ஏபிஐ (நிரல்களுக்கென்று விக்கி தரும் இடைமுகம்) வழியாகப் படிப்பதால் தரவுத்தள மாற்றங்கள் எதுவும் அதைத் தொடவில்லை. எழுதியதும் கருவியின் பெயரில் இல்லை, வேறு பெயரில் இருந்த ஒரு தானியங்கிக் கணக்கில். அந்தக் கணக்கின் பங்களிப்புகளை ஒரு நிமிடம் புரட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஐயா அந்தப் பட்டியலை வைத்துத்தான் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஐந்து பக்கம் மிச்சமுள்ள நூலை முதலில் எடுப்பாராம், ஒரு நூல் முழுதாக முடிந்தால் அடுத்ததைத் தொட உற்சாகம் வருகிறது என்றார். வருகைப் பதிவில் சுழியம் என்று இருந்த கருவியின் பின்னால் இவ்வளவு உழைப்பு. அன்றிரவே கிரானைத் திரும்பப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் எதையும் அப்படியே நிறுத்துவதில்லை. முதலில் அது என்ன எழுதுகிறது, எங்கே எழுதுகிறது, எந்த வார்ப்புரு (பல விக்கிப் பக்கங்களில் சேரும் பொதுத் துண்டு) அதற்கு இணைப்பு கொடுக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஓர் அறிவிப்பு. பிறகு ஒரு மாதம் நிறுத்தி வைத்து, அந்த முகவரியில் ‘இது உங்களுக்கு வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்’ என்று ஒரு பக்கம். நீக்குவது அதற்கும் பிறகுதான்.

எனக்கு மிக அதிக நேரம் பிடித்தது நிரல் மாற்றம் இல்லை, உரிமம். பதினொன்றில் நான்கில் உரிமக் கோப்பே இல்லை. திறந்த உரிமம் இருக்க வேண்டும் என்பது டூல்ஃபோர்ஜின் விதி, ஆனாலும் அவசரத்தில் எழுதும்போது யார் அதைப் போடுகிறார்கள்? உரிமம் சொல்லாத நிரல், பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே சொந்தம். கண்ணெதிரே வாசிக்கலாம், ஆனால் திருத்தி வெளியிட அனுமதி இல்லை. மூன்றுக்கு அண்ணன்தான் ஆசிரியர், கேட்டதும் “எம்ஐடி போட்டுக்கோ” என்று திறந்த உரிமம் ஒன்றின் பெயரைச் சொல்லி ஒரு வரியில் முடித்துவிட்டார். நான்காவதை எழுதியவரிடம் இருந்தது கல்லூரி மின்னஞ்சல், அனுப்பியது திரும்பி வந்தது. விக்கியிலும் அவர் பல வருடங்களாக இல்லை. கடைசியில் அதன் நிரலை ஓரமாக வைத்துவிட்டு, அது தந்த வெளியீட்டை மட்டும் பார்த்துப் பைத்தானில் புதிதாக எழுதினேன். ஒரு கோப்பில் இரண்டு வரி இருந்திருந்தால் அந்த மூன்று வார இறுதிகளும் மிச்சம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான், ஏனென்றால் அவருடைய நிரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

கடவுச்சொற்கள் வேறு. இரண்டு அடைவுகளில் தானியங்கிக் கணக்கின் கடவுச்சொல் யார் வேண்டுமானாலும் வாசிக்கக்கூடிய கோப்பில் கிடந்தது. அவற்றை மாற்றச் சொல்லி அண்ணனை நள்ளிரவில் எழுப்பினேன்.

இப்போது நான்கு கருவிகள் குபர்னெட்டிஸில் ஓடுகின்றன, ஐந்தை மூடியாயிற்று. ஓடும் ஒவ்வொன்றிலும் விளக்கக் கோப்பின் முதல் வரியிலேயே அது எங்கே எழுதுகிறது, யார் கேட்பார்கள் என்று போட்டிருக்கிறேன், ஐயாவின் பயனர் பெயரும், அவருடைய சம்மதத்தோடு, அந்த வரியில் இருக்கிறது. இணைப் பராமரிப்பாளராக ஒரு கல்லூரி மாணவியைச் சேர்த்திருக்கிறேன். சேர்த்ததோடு விடாமல், கிரானை நிறுத்தித் திரும்ப ஓட்டுவதை என் எதிரிலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொன்னேன். மீதி இரண்டின் அறிவிப்பு இன்னும் ஆலமரத்தடியில் இருக்கிறது. ஒன்றுக்கு மலையாள விக்கியிலிருந்து ஒருவர் தனக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறார், இந்த வாரம் அவரோடு பேச வேண்டும்.