பதிவேட்டில் இருந்த அந்த ஆண் குழந்தை

வெளிநாட்டவர் என்று சொல்லி ஆட்களை அடைத்து வைக்கும் சிறப்பு முகாமுக்கு ஜாமீன் கிடையாது. இது எனக்குத் தெரியவந்ததே என் நண்பனுக்கு ஜாமீன் கிடைத்த அன்றுதான்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது தான் இந்தியக் குடிமகன் என்று அவன் எழுதியிருந்தான். போலீஸ் விசாரணையில், அவனுடைய பெற்றோர் 1984-இல் மன்னாரிலிருந்து படகில் வந்து அகதிகளாகப் பதிந்தவர்கள் என்பது தெரிந்தது. பொய்த் தகவல் கொடுத்தான் என்று வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். ஜாமீன் தாளோடு நாங்கள் சிறை வாசலில் நிற்கும்போதே, 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் போட்ட ஓர் ஆணையைக் காட்டி அவனைச் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர்தான் முகாம், உயர்ந்த மதில், காவல், பார்க்கப் போனால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். தினப்படி கொடுப்பார்கள், சமையல் அவரவர் பாடு. தண்டனைக் கைதிக்காவது விடுதலைத் தேதி உண்டு. இங்கே அது இல்லை.

சட்டம் என்னவோ எங்கள் பக்கம்தான் இருந்தது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே வராது. இவன் பிறந்தது 1986 பிப்ரவரியில், ராமநாதபுரம் மாவட்டத்தில். அதே ஆண்டு மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பின்னால் 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது பெரிய செய்தியானது. அப்புறம் என்ன சிக்கல் என்றால், அப்போது அமலில் இருந்த அதே 1946 வெளிநாட்டினர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி வந்துவிட்டால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான். நிரூபிக்கும் சுமை அரசின் மேல் இல்லை. மதிலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவன் தன் பிறப்பை எப்படி நிரூபிப்பான்? வெளியில் ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கலெக்டரிடம் குடியுரிமை கேட்டு மனுக் கொடுங்கள் என்றார் ஒருவர். இலங்கைக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்றார் இன்னொருவர். வக்கீல் மேடம் இரண்டையும் தடுத்துவிட்டார். "குடியுரிமை கொடுங்கன்னு கேட்டா, இதுவரைக்கும் இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாம கேட்கப் போறது, இருக்குன்னு அறிவிக்கச் சொல்லி மட்டும்தான்." இலங்கை விஷயத்திலும் ஒரு விவரம் சொன்னார். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையைப் பெற்றோர் முறைப்படி பதிவு செய்தால்தான் அந்த நாட்டுச் சட்டப்படி அது இலங்கைக் குடிமகன். இவன் பெற்றோர் அதைச் செய்யவே இல்லை. ஆக, இங்கே இல்லை என்றாகிவிட்டால் அவன் எங்குமே இல்லை. (வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.)

ஆதார், பான், வாக்காளர் அட்டை என்று ஒரு கட்டுக் காகிதம் எடுத்துப் போனேன். மேடம் அதைப் பிரிக்கக்கூட இல்லை. ஆதார் என்பது இங்கே வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைக்கு அது சாட்சி ஆகாது. அவருக்கு வேண்டியது பிறப்புப் பதிவு.

பிறப்புப் பதிவேடு கிடைத்தது. அதுதான் பாதிச் சிக்கலே. 1986-ஆம் ஆண்டுத் தொகுதி, துணி பைண்டிங் பிரிந்து, ஓரமெல்லாம் பொடிந்து போயிருந்தது. எழுத்தர் ஒவ்வொரு தாளையும் அடியில் கைகொடுத்துத் தூக்கித்தான் புரட்டினார். பாலினம்: ஆண். தகப்பன் பெயர், தொழில் மீன்பிடி. தாய் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நிரந்தர முகவரி: மன்னார், இலங்கை. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. "பேரே இல்லாத பதிவு சார், இது உங்க பிரண்டுதான்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். மொத்த வழக்கும் அந்தக் கேள்விதான்.

இப்போதே பெயரைச் சேர்த்துவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். கைதுக்குப் பிறகு பெயர் ஏறினால் வழக்குக்காக ஏற்றியது என்பார்கள். காலியாக இருக்கும் பழைய பதிவை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

எதிராகவும் காகிதங்கள் இருந்தன. அகதிகள் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில், குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பிறந்த இடம் மன்னார் என்று எழுதி வைத்திருந்தார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் மாதம். அந்தக் காலத்து வாத்தியார்கள் பாதிப் பேரை ஜூனில்தானே பிறக்க வைத்தார்கள்! அரசு வக்கீல் இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

குடும்ப அட்டை முதலில் எந்தத் தேதியில் எழுதப்பட்டது, இவன் பெயர் எப்போது ஏறியது என்று பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், அதில் குடிமக்கள் மட்டும்தான் கேட்க முடியும்! அவன் கேட்டால் மனுவையே தள்ளிவிடுவார்கள். அதனால் என் பெயரில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்பதால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவைக் காட்டி எழுதினேன். 48 மணி நேரத்தில் வரவில்லை, ஆனால் வந்தது. 1984-இல் எழுதிய முதல் பதிவில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேர்தான். இவன் பெயர் 1986-இல் வேறு மையில் ஏறியிருக்கிறது. மன்னாரில் பிறந்தவன் என்றால் இரண்டு வருடம் அவனை எங்கே விட்டு வைத்திருந்தார்கள்?

ஞானஸ்நானப் பதிவேட்டை நினைவுபடுத்தியது அவனுடைய அம்மாதான். "தம்பி, இவனுக்கு இஞ்ச கோயில்லதான் ஞானஸ்நானம் குடுத்தது. சாமிட்டப் போய்க் கேளுங்கோ." பங்குத்தந்தை எடுத்துக் கொடுத்தார். அதில் அவன் பெயர் முழுசாக இருந்தது. பிறந்த தேதி, நகராட்சிப் பதிவேட்டில் உள்ள அதே தேதி. பெற்றோர் பெயரும் அதுவே. ஞானத்தாய் இன்னும் உயிரோடு, அதே ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். பிரமாணப் பத்திரத்தில் அவர் கைநாட்டு வைத்தார்.

கடைசியாக அவன் தங்கையின் பிறப்புச் சான்றிதழ். அதே ஆஸ்பத்திரி, அதே பெற்றோர், அதே மன்னார் முகவரி, தாய் பெயரில் அதே எழுத்துப் பிழை. இதில் குழந்தையின் பெயர் உண்டு. பெயரில்லாத அந்தப் பதிவும் இதே தம்பதியுடையதுதான் என்பதை அது கட்டிக் கொடுத்தது.

வழக்கு விசாரணை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாய்தா வாய்தாவாகப் போனது. இலங்கை பாஸ்போர்ட் எப்போதாவது வாங்கினானா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று அரசுத் தரப்பே சொன்னது. பிறப்பால் இந்தியக் குடிமகன், முகாமில் வைத்த ஆணை செல்லாது என்று 2024-இல் உத்தரவு வந்தது. சான்றிட்ட நகல் முகாம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர இன்னும் சில நாள் பிடித்தது.

பெயர் சேர்க்கும் மனுவை அதற்கப்புறம்தான் கொடுத்தோம்.

இப்போது தங்கையின் கோப்பு. அவள் பிறந்தது 1987 அக்டோபர். அந்தத் தேதிக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டிருந்தது. அண்ணனைக் குடிமகனாக்கிய சான்றிதழ் அவளுக்கு உதவாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது; அது குடியுரிமை இல்லை. கல்யாணம் செய்திருப்பது தமிழ்நாட்டுக்காரரை. அந்த வழியில் பதிவு கேட்க முடியுமா என்று மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பதிவின் சான்றிட்ட நகல் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். இந்த முறை என்கூட அலையப் போவது அவன்.