கல் பூட்டைத் தொடும் முன்

ஷாவோலின் என்றதும் நெற்றியில் செங்கல் உடைப்பதும் தொண்டையால் ஈட்டியை வளைப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் மேடைக்கு. சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சோங்ஷான் மலையில், 495-இல் எழுந்த அந்த மடத்தில் உடல்வலு காலில்தான் தொடங்குகிறது. அங்குள்ள ஆயிரம் புத்தர் மண்டபத்தின் செங்கல் தரையில் வரிசை வரிசையாக 48 குழிகள் இருக்கின்றன. துறவிகள் தலைமுறை தலைமுறையாகக் கால் ஓங்கி மிதித்துப் பழகியதால் விழுந்தவை என்று மடத்தில் சொல்வார்கள்.

முதல் பாடம் 'மா பு', அதாவது குதிரை நிலை. இரு பாதங்களுக்கும் நடுவே உங்கள் பாதத்தின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி. விரல்கள் நேராக முன்னே பார்க்கட்டும். முதுகை நிமிர்த்தி, தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்குங்கள். நாக்கு மேலண்ணத்தில், மூச்சு மூக்கில். அந்தக் காலத்தில் ஊதுபத்தி எரிவதை வைத்து நேரம் பார்த்தார்கள். புதியவர்களுக்கு 30 விநாடி வீதம் 5 முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு போதும். வாரம் 15 விநாடி கூட்டினால் ஆறு வாரத்தில் இரண்டு நிமிடம் நிற்கலாம்.

கெடுவது பெரும்பாலும் முட்டியில்தான். இடுப்புத் தசை களைத்ததும் முட்டி உள்ளே சாயும். பாரம் முழுக்க முட்டியின் உட்பக்கத் தசைநாரில் இறங்கும். அந்த நொடியே எழுந்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இடுப்பு இறுக்கமானவர்கள் விரல்களைக் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொள்ளலாம். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறித் தலை சுற்றும்.

குதிரை நிலையில் இரண்டு நிமிடம் நிற்க முடிந்த பிறகுதான் 'ஷி சுவோ'வுக்கு, அதாவது கல் பூட்டுக்குப் போக வேண்டும். பழைய சீனப் பூட்டின் வடிவில் செதுக்கிய கல் அது: கீழே கனமான கட்டை, மேலே கைப்பிடி. கல் தூக்குவது துறவிகளுக்கு மட்டும் உரியதல்ல. சீனாவை ஆண்ட சிங் அரசின் படைத் தேர்விலும் 200, 250, 300 ஜின் கற்களைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு ஜின் ஏறக்குறைய 600 கிராம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! 1901-இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது.

வீட்டிலேயே கான்கிரீட்டில் வார்க்கலாம். 16 × 11 × 12 செ.மீ. கட்டை சுமார் 5 கிலோ வரும். 20 × 14 × 15 என்றால் 10 கிலோ. சிமென்ட் 1, மணல் 2, பொடிஜல்லி 3 என்ற கலவை. கைப்பிடிக்கு வளைத்த கம்பியின் இரு நுனிகளும் கட்டைக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வீசும்போது பிய்ந்து வரும். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி, 28 நாள் கழித்து எடுங்கள்.

குதிரை நிலையைவிடச் சற்று உயரமாக நின்று, கல்லை இரு கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, இடுப்பை முன்னே தள்ளி நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். கை வெறும் கயிறு மாதிரி, வேலை இடுப்புக்கு. கையால் இழுப்பவர்களுக்கு முழங்கையும் தோளும் வலிக்கும். ஒரு கைக்கு 8 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஒரு மாதம் கழித்து, உச்சியில் கையை விட்டு, கல் முன்பக்கமாக ஒரு முறை புரண்டு இறங்கும்போது கைப்பிடியைப் பற்றுங்கள். பற்றிய கணத்தில் முட்டியும் இடுப்பும் மடங்கி கல்லோடு கூடவே இறங்க வேண்டும். விறைத்து நின்றால் அதிர்ச்சி மணிக்கட்டில் அடிக்கும். மணல் தரையில் மட்டுமே செய்யுங்கள். பிடி தவறினால் கல்லைத் துரத்தாதீர்கள், காலை இழுத்துக்கொள்ளுங்கள்.

போதிதர்மர் காஞ்சியிலிருந்து ஷாவோலினுக்குப் போனவர் என்ற மரபால் இதையெல்லாம் நம்முடையது என்று சொல்வோர் உண்டு. ஆனால் அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூலான 'யிஜின் ஜிங்' 17-ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கல்லையும் மண்ணையும் பிசைந்து பழகிய சீனத்து உழைப்புக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம்.

பச்சைப்பயறுப் பையில் குத்தும் இரும்புக்கை பயிற்சியைப் பார்த்துப் பழகாதீர்கள். மூலிகைத் தைலமும் ஆசானும் இல்லாமல் குத்தினால் விரல் மூட்டுகள்தான் கெடும். கல் 12 முறை தடுமாறாமல் புரண்டு கைக்கு வந்த பிறகு, ஒரு கிலோ கூட்டுங்கள்.