ஃபவுண்டரியிலிருந்து பேட்டன்ட் ஏஜென்ட் வரை

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் உலோகம் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், கம்பெனிப் பேப்பரெல்லாம் இங்கிலீஷ். கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கேட்டு விண்ணப்பம் எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் என்று ஒரு தொழில் இருப்பதே, நாங்கள் செய்த ஒரு மோல்டு கிளாம்ப்புக்கு (வார்ப்பு அச்சை இறுக்கிப் பிடிப்பது) விண்ணப்பம் எழுத கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேடம் வந்தபோதுதான் தெரிந்தது. "இந்த ஸ்பிரிங் இல்லாம ஓடுமா? ஏன் இந்தப் பக்கம் சாய்ச்சீங்க?" என்று இரண்டு மணி நேரம் துளைத்தெடுத்தார். என் மேனேஜர்கூட அப்படிக் கேட்டதில்லை. கிளம்பும்போது, "நீங்களே இந்தப் பரீட்சை எழுதலாமே தம்பி" என்றார்.

காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 126 கேட்பது கொஞ்சம்தான். இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ ஒரு பட்டம், அப்புறம் தகுதித் தேர்வு. வக்கீல் படிப்பு வேண்டாம். என் ஒன்பது வருட அனுபவத்தையும் யாரும் கேட்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் தாள் சட்டமும் விதிகளும், 100 மதிப்பெண். இரண்டாவது தாள் விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம், எழுதுவதும் அதைப் படித்துப் பொருள் சொல்வதும், அதற்கும் 100. நேர்முகத்துக்கு 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் பாதியாவது வேண்டும், மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 150. வருடா வருடம் நடக்கும் என்று நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். நான் விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து மொட்டை மாடியில் வாளையார்க் காற்றில் பக்கங்கள் பறக்காமல் செல்போனை மேலே வைத்துப் படித்தேன்.

முதல் தடவை சட்டத்தில் 71, இரண்டாவது தாளில் 43. இன்ஜினியர் சட்டத்தில் பாஸ், இன்ஜினியரிங்கை எழுதுவதில் ஃபெயில்!

மேடத்திடம் போனேன். வீட்டில் எதையாவது எடுத்து கிளெய்ம், அதாவது எதுவரை நம் உரிமை என்று எல்லை போடும் வாசகம், எழுதிப் பாருங்கள் என்றார். அப்பா தோப்பில் தேங்காய் உரிக்கும் பாரையைப் பார்த்து, நெம்புகோல் வைத்த ஒரு கருவியை யோசித்து எழுதினேன்: "38 மி.மீ. அகலமுள்ள இரும்புத் தகடு இரண்டு, 10 மி.மீ. போல்ட்டால் இணைக்கப்பட்டு..." மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரர் 40 மி.மீ. தகடு போட்டா உங்க பேட்டன்ட் என்ன பண்ணும்?"

டிராயிங்கில் ஓர் அளவை விட்டால் லேத்காரர் திட்டுவார். கிளெய்மில் தேவையில்லாத அளவைப் போட்டால் நாமே நம் வேலியைச் சுருக்கிக்கொள்கிறோம். ஒன்பது வருடப் பழக்கம் கையை விட்டுப் போக மாதக்கணக்கானது. அடுத்த தடவை அகலமாகவே எழுதினேன்: "மட்டைக்குள் இறங்கும் இரண்டு ஆப்புகள், அவற்றைப் பிரிக்கும் ஒரு நெம்புகோல்." அதற்கும் சிரித்தார். தவனூர் வேளாண் பொறியியல் கல்லூரியின் தேங்காய் உரிக்கும் கருவி கேரமித்ரா வந்து எத்தனை வருடமாச்சு, நிலையான ஆப்பு, நகரும் ஆப்பு, லீவர், எல்லாம் அதிலேயே இருக்கிறதே என்றார். கடைசியில் சின்னக் காய், பெரிய காய் எதுவானாலும் நழுவாமல் நிற்கும் ஓர் இருக்கை மட்டும் மிஞ்சியது. அந்த இருக்கையைச் சொல்லத்தான் பத்து வரி.

இரண்டாவது தடவை 68, 57. நேர்முகத்தில் என் ஃபவுண்டரியையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு முறையைக் கம்பெனிக்குள் ரகசியமாகவே பல வருடம் பயன்படுத்திவிட்டு இப்போது காப்புரிமை கேட்டால்? வெளியே தெரியாததால் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போகாது என்று ஆரம்பித்து, நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டு, பிரிவு 64-ல் ரகசியப் பயன்பாடும் காப்புரிமையை ரத்து செய்ய ஒரு காரணம் என்று முடித்தேன். 31 போட்டார்கள். மொத்தம் 156.

பதிவுக்கான படிவம் 22-ல் வேறொரு கூத்து. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால், கோயம்புத்தூர் டிகிரியில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. மூவரும் நான்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளே, இதை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட்டானதும் என்னிடம் முதல் ஆளாக வந்தவர் எங்கள் பக்கத்து வொர்க்‌ஷாப் அண்ணன், தீவனம் நறுக்கும் மெஷினோடு. நல்ல யோசனை. எங்கேயாவது காட்டினீங்களா அண்ணா என்றேன். "யூடியூப்ல போட்டு எட்டு மாசமாச்சே, நல்லா ஓடுது" என்றார் பெருமையாக. உலகமே பார்த்த பிறகு புதுமை எங்கே? மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார்.

"அப்ப விக்கலாமில்ல?"

"வித்துப் பாருங்கண்ணா. வேற யாராவது ஏற்கெனவே பேட்டன்ட் வாங்கியிருக்காங்களான்னு தேடித் தர்றேன்."

"அதுக்கு எவ்வளவு ஃபீஸு?" என்று கேட்டுக்கொண்டே டீ சொல்லப் போனார்.